மைனஸ் 8.48

கால்சைட் என்ற கனிமம் கணினிக்குள் நான்கே வரிகளில் இருக்கிறது. முதல் வரியில் பெயர். அடுத்ததில் ஒரு வேதிச் சமன்பாடு: ஒரு பக்கம் கால்சியம் கார்பனேட், மறுபக்கம் அது நீரில் கரைந்தால் கிடைக்கும் கால்சியம் அயனியும் கார்பனேட் அயனியும். மூன்றாவது வரியில் ஓர் எண், மைனஸ் 8.48. நான்காவதில் வெப்பநிலை மாறினால் அந்த எண் எப்படி நகரும் என்ற குறிப்பு. சுண்ணாம்புக் குகைகளும், கொதிகலனுக்குள் படியும் வெள்ளை ஓடும், ஊர்க் கிணற்று நீரின் கடினத்தன்மையில் பெரும்பங்கும் இந்த நான்கு வரிகளுக்குள் அடங்கிவிடுகின்றன.

இந்த வரிகளை ஃப்ரீக்-சி என்ற நிரலின் தரவுக் கோப்பில் பார்க்கலாம். அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த டேவிட் பார்க்ஹர்ஸ்ட்டும் நெதர்லாந்தைச் சேர்ந்த டோனி அப்பெலோவும் வளர்த்த நிரல் அது. 1980-இல் ஃபோர்ட்ரான் மொழியில் அதன் முன்னோடி வந்தது. 1995-இல் சி மொழிக்கு மாறியபோது பெயரின் கடைசியில் அந்த 'சி' ஒட்டிக்கொண்டது. இலவசமாகவே கிடைக்கிறது. சுரங்கத்திலிருந்து வழியும் அமில நீர், அணுக்கழிவைப் புதைக்கும் பாறை, கடலோரத்தில் உப்பேறும் நிலத்தடி நீர் என்று எதைக் கணிக்க வேண்டுமானாலும் உலகெங்கும் இதையோ இதன் உறவுக்கார நிரல்களையோதான் எடுக்கிறார்கள். நிரல் என்னவோ நேர்மையான கணக்குப்பிள்ளை. கோப்பில் உள்ள எண்ணை அது ஒருபோதும் சந்தேகிப்பதில்லை.

எண்ணின் பொருள் இதுதான். கால்சைட் தூளைத் தூய நீரில் போட்டு, இனிமேல் கரையாது என்ற நிலைக்கு விட்டுவிட்டால், கரைசலில் உள்ள கால்சியத்தின் பயனுறு செறிவையும் கார்பனேட்டின் பயனுறு செறிவையும் பெருக்கினால் 25 பாகை செல்சியஸில் 10-இன் மைனஸ் 8.48 அடுக்கு வரும். பள்ளியில் கரைதிறன் பெருக்கம் என்று படித்தது இதைத்தான். அந்த எண் மிகச் சிறியது என்பதால் அதன் மடக்கையை மட்டும் எழுதுவது வழக்கம். ஒரு கிணற்று நீரைச் சோதித்து, அதில் இருக்கும் அயனிகளின் பெருக்கத்தை இந்த எண்ணோடு ஒப்பிட்டால் தெவிட்டல் குறியீடு கிடைக்கும். குறியீடு சுழியம் என்றால் நீரும் கனிமமும் சமநிலையில் இருக்கின்றன. குறை எண் என்றால் நீர் இன்னும் கரைக்கும். மிகை எண் என்றால் நீர் மீதெவிட்டியது, படிவு விழ இடமுண்டு.

இப்போது வேறொரு கோப்பைத் திறப்போம். கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வகத்தில் அணுக்கழிவுப் பணிகளுக்காகத் தொகுத்த பெரிய தரவுத்தளம் அது. ஃப்ரீக்-சியோடு சேர்ந்தே வருகிறது. அதிலும் கால்சைட் உண்டு. எண் மட்டும் பிளஸ் 1.8487. முதலில் பார்ப்பவர் திகைத்துப்போவார். ஒன்றில் கரையவே கரையாத கல், மற்றதில் தாராளமாகக் கரையும் உப்பு!

இரண்டும் சரிதான். இரண்டாவது கோப்பில் சமன்பாடு வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கிறது. அங்கே கால்சைட் ஒரு ஹைட்ரஜன் அயனியை வாங்கிக்கொண்டு கால்சியமாகவும் பைகார்பனேட்டாகவும் பிரிகிறது. பைகார்பனேட் தன் ஹைட்ரஜனை விட்டுக் கார்பனேட் ஆவதற்கான மாறிலி மைனஸ் 10.329. 1.849-இலிருந்து 10.329-ஐக் கழித்துப் பாருங்கள், மைனஸ் 8.48 வந்துவிடும். ஆக, எண்ணுக்குத் தனியாகப் பொருளே கிடையாது. தன் சமன்பாட்டோடு சேர்ந்துதான் அது பேசும். ஒரு கோப்பிலிருந்து எண்ணை மட்டும் வெட்டி இன்னொரு கோப்பின் சமன்பாட்டுக்கு அடியில் ஒட்டினால் விடை பத்துப் பதினைந்து விழுக்காடு பிசகாது. ஒன்றுக்குப் பக்கத்தில் பத்து சுழியங்கள் போட்டுப் பிசகும். நிரல் முறைக்காது, முகம் சுளிக்காது. அழகான அட்டவணையாக விடையைத் தந்துவிடும்.

கந்தகமும் இரும்பும் சேர்ந்த பைரைட்டில் நிலைமை இன்னும் மோசம். ஒரு கோப்பில் அது எலெக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு கரைகிறது, மாறிலி மைனஸ் 18.479. மற்றதில் எலெக்ட்ரானே இல்லை. நீரோடு வினைபுரிந்து ஒரு பகுதி சல்ஃபேட்டாகவும் மறுபகுதி சல்ஃபைடாகவும் உடைகிறது, மாறிலி மைனஸ் 24.65. கால்சைட்டிலாவது குறி மாறியிருந்தது, கண்ணில் குத்தியிருக்கும். இங்கே இரண்டும் குறை எண்கள், பார்க்க நியாயமாகவே இருக்கின்றன. ஆபத்து அங்கேதான்.

மைனஸ் 8.48 எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்த கதைதான். 1982-இல் நீல் பிளம்மர், யூரிபியாடிஸ் பூசென்பர்க் என்ற இரு ஆய்வாளர்கள் கார்பன் டை ஆக்சைடு கரைந்த நீரில் கால்சியம் கார்பனேட்டின் மூன்று படிக வடிவங்களையும், சுழியம் முதல் 90 பாகை வரை, பொறுமையாக அளந்து வெளியிட்டார்கள். கால்சைட்டுக்கு மைனஸ் 8.48. சங்கிலும் முத்திலும் இருக்கும் அரகோனைட்டுக்கு மைனஸ் 8.34. அரிதான வேட்டரைட்டுக்கு மைனஸ் 7.91. மூன்றுக்கும் வேதி வாய்பாடு ஒன்றே, அணுக்களின் அடுக்கு மட்டுமே வேறு. அதனால்தான் தரவுத்தளத்தில் கனிமத்தை வாய்பாட்டால் அடையாளம் காண முடியாது. எந்தப் படிகம் என்று சொல்லியாக வேண்டும்.

வெப்பநிலைக்கும் அவர்கள் ஒரு சமன்பாடு தந்தார்கள். அதன்படி 90 பாகையில் கால்சைட்டின் எண் மைனஸ் 9.12 ஆகிறது. அதாவது சூடாக்கினால் சர்க்கரையைப் போல் கூடுதலாகக் கரையாமல், கரைதிறன் பெருக்கம் நான்கில் ஒரு பங்குக்கும் கீழே இறங்குகிறது. நீங்களே ஒரு கனிமத்தைச் சேர்க்கும்போது 25 பாகை எண்ணை மட்டும் கொடுத்து வெப்பக் குறிப்பை விட்டுவிட்டால், நிரல் அதே எண்ணை 90 பாகைக்கும் பயன்படுத்தும். என்தால்பி மதிப்பைக் கொடுத்தால் ஓரளவு திருத்திக்கொள்ளும். முழுச் சமன்பாட்டையும் கொடுத்தால் மற்ற இரண்டையும் ஒதுக்கிவிட்டு அதையே எடுக்கும். வெந்நீர் ஊற்றுகளுக்கும் ஆழ்துளைப் புவிவெப்பக் கிணறுகளுக்கும் கணக்குப் போடுபவர்கள் இந்த வரிசையை மனப்பாடமாக வைத்திருப்பார்கள்.

கால்சைட் நல்ல பிள்ளை. நன்றாக அளக்கப்பட்டது, கோப்புக்குக் கோப்பு ஒத்துப்போவது. எல்லாக் கனிமங்களும் அப்படி இல்லை. அதற்கு நம் ஊரிலேயே அக்கறை உள்ள ஒரு கனிமத்தை எடுத்துக்கொள்ளலாம்.

தருமபுரி, கிருஷ்ணகிரி பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு அதிகம். குழந்தைகளின் பற்களில் பழுப்புக் கறையாகவும், முற்றினால் எலும்பு நோயாகவும் அது வெளிப்படுகிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கே முதன்மைக் காரணம் இதுதான். பாறையிலுள்ள பயோடைட், ஹார்ன்பிளெண்ட், அபடைட் போன்ற கனிமங்களிலிருந்து ஃபுளோரைடு நீருக்குள் வருகிறது. அது எந்த அளவு வரை ஏறலாம் என்று உச்சவரம்பு கட்டுவது கால்சியம் ஃபுளோரைடால் ஆன ஃபுளோரைட் என்ற கனிமம். கால்சியமும் ஃபுளோரைடும் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் ஃபுளோரைட் படியத் தொடங்கும், மேற்கொண்டு ஏற விடாது. நீரில் கால்சியம் குறைவாக இருந்தால் வரம்பு உயர்ந்துவிடும். மண்ணின் களிமண் தாதுக்கள் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுவதும், கால்சைட் படிவதும் கால்சியத்தைக் குறைக்கின்றன. ஃபுளோரைடு கூடிய நீர் பெரும்பாலும் சோடியம் பைகார்பனேட் நீராக இருப்பது இதனால்தான்.

கணக்கை எளிமையாகப் போடுவோம். அயனிகள் ஒன்றோடொன்று ஒட்டுவதையும் செறிவுத் திருத்தங்களையும் இப்போதைக்கு ஒதுக்கிவிடலாம். லிட்டருக்கு 40 மில்லிகிராம் கால்சியம் உள்ள ஒரு நீர். ஃப்ரீக்-சியின் வழக்கமான கோப்பில் ஃபுளோரைட்டின் எண் மைனஸ் 10.6. அதன்படி ஃபுளோரைடு 3 மில்லிகிராம் வரை ஏறலாம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் பழைய மின்டெக் கோப்பில் எண் மைனஸ் 10.96. அதன்படி 2 மில்லிகிராமிலேயே வரம்பு வந்துவிடும். லிவர்மோர் கோப்பில் மைனஸ் 10.037. அங்கே 5.8 மில்லிகிராம் வரை போகலாம். குடிநீருக்கான மேல்வரம்பு 1.5 மில்லிகிராம் என்பதை மனதில் வைத்துக்கொண்டு இந்த மூன்று எண்களையும் பாருங்கள்.

இதே நீரில் சோதனைச்சாலை 4 மில்லிகிராம் ஃபுளோரைடு கண்டுபிடித்தது என்று வையுங்கள். மின்டெக் கோப்பின்படி தெவிட்டல் குறியீடு பிளஸ் 0.6. ஃபுளோரைட் படிந்துகொண்டிருக்கிறது, நிலைமை தானே சீராகும் என்று அறிக்கை எழுதலாம். லிவர்மோர் கோப்பின்படி மைனஸ் 0.3. இன்னும் கரைய இடம் இருக்கிறது, ஃபுளோரைடு ஏறும் என்று அறிக்கை எழுதலாம். ஒரே கிணறு, ஒரே பாட்டில், இரண்டு எதிரெதிர் முடிவுகள். நீர் வேதியியல் கட்டுரைகளில் தெவிட்டல் குறியீட்டை இரண்டு பதின்ம இடங்களுக்கு அச்சிட்டுவிட்டு எந்தக் கோப்பைப் பயன்படுத்தினார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் விடுவதைப் பார்க்கிறேன். அந்த இரண்டு பதின்ம இடங்களும் அலங்காரம் மட்டுமே.

மைனஸ் 10.96 சும்மா வந்ததல்ல. கிர்க் நார்ட்ஸ்ட்ராமும் எவரெட் ஜென்னியும் 1977-இல் புவிவெப்ப நீர்களை ஆராய்ந்து முன்வைத்த மதிப்பு அது. அதே நார்ட்ஸ்ட்ராம் வேறு சிலரோடு சேர்ந்து 1990-இல் முக்கியக் கனிமங்களின் மாறிலிகளை மறுமதிப்பீடு செய்தபோது மைனஸ் 10.6-க்கு வந்தார். தன் எண்ணைத் தானே திருத்திக்கொண்டார், நல்ல விஞ்ஞானி அப்படித்தான் செய்வார். ஆனால் பழைய கோப்பு பழைய எண்ணோடு இன்னமும் உலவுகிறது.

இவ்வளவு வேறுபாடு எப்படி வருகிறது? கரைதிறனை நேரே அளக்காமல், ஆற்றல் அட்டவணைகளிலிருந்து பெறும் வழி ஒன்று உண்டு. கனிமம் உருவாகும்போதான கிப்ஸ் கட்டிலா ஆற்றலையும், அயனிகள் உருவாகும்போதானதையும் எடுத்து ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் மாறிலி கிடைத்துவிடும். ஃபுளோரைட்டுக்கு அந்த ஆற்றல் ஒரு மோலுக்கு ஏறக்குறைய 1,170 கிலோஜூல். மடக்கையில் ஓர் அலகு மாற 5.7 கிலோஜூல் போதும். மின்டெக், லிவர்மோர் கோப்புகளுக்கிடையே உள்ள 0.92 அலகு, ஏறத்தாழ 5.3 கிலோஜூல். மொத்தத்தில் அரை விழுக்காடுகூட இல்லை. ஓட்டுநரோடு ஒரு தடவையும் ஓட்டுநர் இல்லாமல் ஒரு தடவையும் லாரியை எடைமேடையில் ஏற்றி, அவருடைய எடையைக் கிலோ சுத்தமாகச் சொல்வது போன்ற வேலை இது. வெப்ப அளவியலில் அரை விழுக்காடு பிழை என்பது மெச்சத்தக்க துல்லியம். அதே பிழை கிணற்றுக்கு வரும்போது ஃபுளோரைடின் வரம்பை மூன்று மடங்காக்கிவிடுகிறது.

அளவே இல்லாத இடங்களும் உண்டு. லிவர்மோர் மரபில் வந்த கோப்புகளில் ஒரு வெப்பநிலைக்கு மதிப்பு தெரியாவிட்டால் அந்த இடத்தில் 500 என்று எழுதிவைப்பார்கள். 'தகவல் இல்லை' என்பதற்கான அடையாளம் அது. கோப்பை வேறு நிரலுக்கு மாற்றும்போது அதை உண்மை எண்ணென்று எடுத்துக்கொண்டால், 10-இன் 500-ஆம் அடுக்கு என்ற கரைதிறன் கொண்ட கனிமம் பிறந்துவிடும். பிரபஞ்சத்தில் அத்தனை அணுக்கள் இல்லை.

மாறிலி சரியாக இருந்தாலும் போதாது. அதன் துணை எண்களும் சரியாக இருக்க வேண்டும். ஜிப்சத்தைப் பாருங்கள். அதன் எண் மைனஸ் 4.58. பள்ளிக் கணக்குப்படி வர்க்கமூலம் எடுத்தால் ஒரு லிட்டர் நீரில் 0.9 கிராம் ஜிப்சம் கரைய வேண்டும். உண்மையில் 25 பாகையில் கரைவது சுமார் 2.6 கிராம். மூன்று மடங்கு! எண்ணில் தவறில்லை. கரைசலில் மின்சுமை கூடும்போது ஒவ்வோர் அயனியைச் சுற்றியும் எதிர் அயனிகளின் கூட்டம் சேர்ந்து அதன் வீரியத்தைக் குறைத்துவிடுகிறது. அதற்கு மேல், கரைந்த கால்சியத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சல்ஃபேட்டோடு கைகோத்து மின்சுமையற்ற இணையாகத் திரிகிறது. கரைதிறன் பெருக்கத்தில் அந்த இணை சேராது, நீரில் மட்டும் இருக்கும். ஆகவே ஜிப்சத்தின் மாறிலியை மதிப்பிடும் ஆய்வாளர், அந்த இணைக்கு ஒரு மாறிலியையும் வீரியக் குறைவுக்கு ஒரு வாய்பாட்டையும் முன்னமே தேர்ந்தெடுத்துவிட்டுத்தான் மைனஸ் 4.58-க்கு வருகிறார். வேறொருவர் இணையை வேறு வலிமையோடு கணக்கில் எடுத்திருந்தால், அதே சோதனை முடிவிலிருந்து வேறொரு எண் பிறந்திருக்கும்.

தரவுத்தளம் தொகுப்பவர்கள் 'உள் ஒத்திசைவு' என்று ஓயாமல் சொல்வது இதற்காகத்தான். ஒரு கோப்பில் இல்லாத கனிமத்தை இன்னொரு கோப்பிலிருந்து இரவல் வாங்குவது தவிர்க்க முடியாத வேலை, எல்லோரும் செய்கிறார்கள். ஆனால் கனிமத்தைத் தனியாகத் தூக்கி வரக் கூடாது. அது எந்த அயனி இணைகளோடு குடும்பம் நடத்தியதோ அவற்றையும் பார்த்து, வேண்டியதைக் கூட்டி வர வேண்டும். வந்த பிறகு, அந்தக் கனிமத்தை மட்டும் தூய நீரில் கரைக்கச் சொல்லி நிரலை ஓட்டி, அளந்த கரைதிறனோடு ஒப்பிட வேண்டும். ஜிப்சத்துக்கு 2.6-க்குப் பக்கத்தில் வந்தால் சரி. 0.9 வந்தால் இணையை ஊரிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறோம். ஐந்து நிமிட வேலை, எத்தனையோ மாதங்களை மிச்சப்படுத்தும்.

இதுவரை திண்மம் எது என்று நமக்குத் தெரியும் என்றே பேசினோம். மணலை எடுங்கள். சிலிக்காவின் நிலையான வடிவம் குவார்ட்ஸ். ஃப்ரீக்-சியின் வழக்கமான கோப்பில் அதற்கு மைனஸ் 3.98, அதாவது லிட்டருக்குச் சுமார் 6 மில்லிகிராம். 1997-இல் டொனால்ட் ரிம்ஸ்டிட் பல ஆண்டுகள் நீடித்த சோதனைகளின் முடிவை வெளியிட்டு, சரியான அளவு 11 மில்லிகிராம் என்றார். பூமியின் மேலோட்டில் மலிந்து கிடக்கும் கனிமங்களில் ஒன்றுக்கு, இருபதாம் நூற்றாண்டின் கடைசியில், எண் ஏறக்குறைய இரட்டிப்பானது! குளிர்ந்த நீரில் குவார்ட்ஸ் அவ்வளவு மெதுவாகக் கரைகிறது, பொறுமை இல்லாதவருக்கு அது விடையே சொல்வதில்லை. அதே சிலிக்கா ஒழுங்கற்ற திண்மமாக இருந்தால் 117 மில்லிகிராம் கரையும். பெரும்பாலான நிலத்தடி நீர் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. குவார்ட்ஸைப் பொறுத்தவரை மீதெவிட்டியது, ஆனாலும் குவார்ட்ஸ் படிவதில்லை.

இரும்பில் இந்த இடைவெளி மலைக்க வைக்கும். கிணற்று மோட்டாரின் குழாய்வாயில் படியும் செங்காவிப் பசை, ஒழுங்கற்ற இரும்பு ஹைட்ராக்சைடு. கோப்பில் அதற்கு 4.89. நாளாக ஆக அது நீரை இழந்து, அடுக்கு சீராகி, கோதைட் என்ற கனிமமாகிறது. அதற்கு மைனஸ் 1.0. சமன்பாடுகளை ஒப்பிடத்தக்க வகையில் வைத்துப் பார்த்தால், இரண்டுக்கும் இடையே கரையும் இரும்பின் அளவு ஏழரை லட்சம் மடங்குக்கும் மேல் வேறுபடுகிறது. இவற்றுக்கு நடுவே எத்தனை நிலைகள் என்றால், பசையின் வயது எத்தனையோ அத்தனை. கோப்பில் இருப்பது இரண்டு எண்கள். பெயருக்குப் பின்னால் சிறிய அடைப்பில் ஓர் எழுத்தைப் போட்டு 'படிக உருவமற்றது' என்று குறிப்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். வேறு வழியும் இல்லை. களிமண் கனிமங்களுக்கு வந்தால் வாய்பாடே ஒரு சமரசம். இல்லைட்டுக்குக் கோப்பில் பொட்டாசியம் 0.6, மக்னீசியம் 0.25 என்று நிலையான விகிதம் எழுதியிருக்கும். இயற்கையில் அந்த விகிதத்தோடு ஓர் இல்லைட் துணுக்கைத் தேடிக் கண்டுபிடிப்பவருக்குப் பரிசே தரலாம்.

கடைசியாக டோலமைட். கால்சியமும் மக்னீசியமும் மாறி மாறி அடுக்கிய கார்பனேட். பழைய பாறைகளில் மலை மலையாகக் கிடக்கிறது. கோப்பில் அதன் எண் மைனஸ் 17.09. இன்றைய கடல்நீரை இந்த எண்ணோடு ஒப்பிட்டால் பல மடங்கு மீதெவிட்டியது, கடலடியெங்கும் டோலமைட் படிய வேண்டும். படிவதில்லை. அமெரிக்க நிலவியலாளர் லின்டன் லேண்ட் நீர்த்த கரைசலில், டோலமைட்டுக்கு ஆயிரம் மடங்கு மீதெவிட்டிய நிலையில், 25 பாகையில் ஒரு சோதனையைத் தொடங்கி 32 ஆண்டுகள் காத்திருந்தார். 1998-இல் வெளியான கட்டுரையின் தலைப்பிலேயே முடிவைச் சொல்லிவிட்டார்: டோலமைட் விழவில்லை. மக்னீசியம் தன்னைச் சுற்றி நீர் மூலக்கூறுகளை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அவற்றை உதறிவிட்டுப் படிகத்தில் தன் இடத்தில் ஒழுங்காக உட்கார அதற்குக் குளிர்ந்த நீரில் வாய்ப்பே கிடைப்பதில்லை.

நிரலுக்கு இது எதுவும் தெரியாது. டோலமைட்டைச் சமநிலைக் கனிமமாகக் கொடுத்தால், லேண்டுக்கு 32 ஆண்டுகளில் கிடைக்காததை அது ஒரு நொடிக்குள் படிய வைத்து, மக்னீசியத்தையும் கார்பனேட்டையும் நீரிலிருந்து உருவிவிடும். மீதி எல்லா அயனிகளின் கணக்கும் அதோடு சேர்ந்து சரியும். இதற்காகவே ஃப்ரீக்-சியில் ஒரு கனிமத்தின் பெயருக்குப் பக்கத்தில் 'கரைய மட்டும்' என்று எழுத வசதி உண்டு. பாறையில் ஏற்கெனவே டோலமைட் இருந்தால் நீர் அதைக் கரைத்துக்கொள்ளலாம், புதிதாகப் படிய வைக்கக் கூடாது. எந்தத் தரவுத்தளமும் இதைத் தானாக எழுதித் தராது. மாதிரியை அமைப்பவர், தன் நீர் எந்த வெப்பநிலையில், எவ்வளவு காலம், எந்தப் பாறையோடு இருந்தது என்று பார்த்து எழுத வேண்டும். அதையும் எல்லா ஊருக்கும் ஒரே மாதிரி எழுத முடியாது. தென் ஆஸ்திரேலியாவின் கூரோங் பகுதியில் கடலோர உப்பு ஏரிகள் இருக்கின்றன. பிரேசிலில் ரியோவுக்கு அருகே லாகோவா வெர்மேலா என்ற காயல் இருக்கிறது. அங்கெல்லாம் சாதாரண வெப்பநிலையிலேயே டோலமைட் படிகிறது. பிரேசில் காயலில் சல்ஃபேட்டை ஒடுக்கும் பாக்டீரியாக்கள் அதற்கு வழி செய்வதாக 1990-களில் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அந்த நீர்களுக்கு மாதிரி அமைப்பவர் 'கரைய மட்டும்' என்ற குறிப்பை நீக்கிவிட்டுத்தான் நிரலை ஓட்ட வேண்டும்.